பல் கட்டிய கியர்

அத்தியாயம் 6

“இந்த ரிப்போர்ட்ட எழுதின மனுஷன் டிராக்டரத் தொட்டுக்கூடப் பாக்கல” என்றாள் பவானி.

“எப்படிக்கா சொல்றீக?” என்றான் சதாம்.

“தொட்டிருந்தா கையில கிரீஸ் ஒட்டியிருக்கும். கையில ஒட்டியிருந்தா பேப்பர்லயும் ஒட்டியிருக்கும். இது கல்யாணப் பத்திரிகை மாதிரி இருக்கு.”

கம்பம் போலீஸ் ஸ்டேஷனுக்குப் பின்னாலிருந்த காலி இடத்தில், பறிமுதல் செய்யப்பட்ட மூன்று பைக்குகளுக்கும் கண்ணாடி உடைந்த ஒரு ஆட்டோவுக்கும் நடுவில் அந்த டிராக்டர் நின்றது. 1988-ஆம் வருஷத்து வண்டி. காய்ந்த வாய்க்கால் சேறு அதன் வயிறு முழுக்கச் செதில் செதிலாக ஒட்டியிருந்தது. காவலுக்கு நின்ற ஏட்டு நிழல் பார்த்து ஆட்டோவுக்குள் உட்கார்ந்து போன் பார்த்துக்கொண்டிருந்தார்.

பவானி பதினான்கு வருஷம் இன்சூரன்ஸ் சர்வேயராக இருந்தவள். விபத்துக்குள்ளான வண்டிகளைப் பார்த்துப் பார்த்து, வண்டிகள் பொய் சொல்வதில்லை, அவற்றுக்குச் சொந்தக்காரர்கள்தான் சொல்கிறார்கள் என்ற முடிவுக்கு வந்து, வேலையை விட்டு அல்லிநகரத்தில் துப்பறியும் நிறுவனம் ஆரம்பித்தாள். பொய்யைக்கூட மன்னிப்பாள். சோம்பேறித்தனமாகச் சொன்ன பொய் என்றால் அவளுக்கு உடம்பெல்லாம் எரியும். சதாம் அவளுடைய ஒரே உதவியாளன். கம்பத்துக்காரன். வாயைத் திறந்தால் மூடத் தெரியாதவன். ஆனால் பத்து வருஷம் தேனியில் பைக் மெக்கானிக்காக இருந்ததில் அவன் விரல்களுக்கு மூளை இருந்தது.

வழக்கு இதுதான். கம்பத்துக்கு மேற்கே திராட்சைத் தோட்டம் வைத்திருக்கும் தங்கப்பாண்டியின் டிராக்டர், எரு ஏற்றிய டிரெய்லரோடு வாய்க்கால் ஏற்றத்தில் ஏறும்போது பின்னால் உருண்டு வாய்க்காலுக்குள் கவிழ்ந்தது. டிரெய்லரில் உட்கார்ந்திருந்த அம்மாவாசி என்ற கூலியாள் அங்கேயே இறந்துபோனார். மட்கார்டில் உட்கார்ந்திருந்த ராஜாத்திக்கு வலது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. ஓட்டிய வேல்பாண்டி சிறையில் இருந்தான். போனில் பேசிக்கொண்டே ஏற்றத்தின் நடுவில் கியர் மாற்றினான் என்பது குற்றச்சாட்டு.

பவானியை வரவழைத்தவள், காலை இழந்த ராஜாத்தியேதான். ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு அவள் சொன்னது இவ்வளவுதான்:

“அவன் கை ரெண்டும் ஸ்டேரிங்லதான் ஆத்தா இருந்துச்சு. நான் பக்கத்துலதான ஒக்காந்திருந்தேன்? கியர் ராடு தானா டக்குன்னு துள்ளி நடுவுல வந்து நின்னுச்சு. வண்டி பின்னால போயிருச்சு. போலீஸ்காரககிட்டச் சொன்னேன். வலியில ஒளர்றேன்னுட்டாக.”

தேய்ந்துபோன கியர் என்றால் அப்படித்தான் நடக்கும். பல்லின் விளிம்பு மழுங்கினால், பாரம் கூடும்போது ஒரு கியர் இன்னொன்றின் பிடியிலிருந்து வழுக்கி வெளியே வந்துவிடும். ஆனால் மோட்டார் வாகன ஆய்வாளரின் ரிப்போர்ட், ‘கியர்கள் நல்ல நிலையில் உள்ளன’ என்று அழகான கையெழுத்தில் சொன்னது.

சதாம் கியர் பெட்டியின் மேல்மூடியைக் கழற்றி, டார்ச் அடித்து உள்ளே எட்டிப் பார்த்தான்.

“அக்கா, ரிப்போர்ட்டு பொய் சொல்லல. செகண்ட் கியர் நல்லாத்தான் இருக்கு. பல்லெல்லாம் பளபளன்னு பேஸ்ட் வெளம்பரத்துல வர்ற மாதிரி இருக்கு.”

“ஆயில்?”

சதாம் விரலை விட்டு எடுத்தான். ஆயில் தேன் நிறத்தில் வழிந்தது.

“முப்பத்தஞ்சு வருஷத்துக்கு மேல ஓடுன வண்டிக்கு இவ்வளவு சுத்தமான ஆயிலா? என் வீட்டு நல்லெண்ணெய்கூட இப்படி இருக்காது.”

பவானி குனிந்து, டிராக்டரின் முன்பாதியும் பின்பாதியும் சேரும் இடத்தைப் பார்த்தாள். கியர் மாற்ற வேண்டுமானால் டிராக்டரை அந்த இடத்தில் இரண்டாகப் பிரித்தாக வேண்டும். திரும்பச் சேர்க்கும்போது ஆயில் கசியாமலிருக்க இடையில் பேஸ்ட் தடவுவார்கள். போல்ட்டை முறுக்கினால் மிச்சப் பேஸ்ட் வெளியே பிதுங்கும். இங்கேயும் சிவப்புப் பேஸ்ட் சரடு போலப் பிதுங்கிக் காய்ந்திருந்தது. அவள் நகத்தால் அதைப் பெயர்த்து எடுத்துச் சதாமிடம் நீட்டினாள்.

“அடியில என்ன ஒட்டியிருக்குன்னு பாரு.”

சதாம் திருப்பிப் பார்த்தான். பேஸ்டின் அடிப்பக்கத்தில் காய்ந்த வாய்க்கால் சேறு பெயர்ந்து வந்திருந்தது.

“சேத்துக்கு மேல பேஸ்ட்டு” என்றான் மெதுவாக. “ரொட்டிக்கு மேலதான் ஜாம் தடவ முடியும். ஜாமுக்கு மேல ரொட்டியச் சுட முடியாது.”

“அப்ப?”

“வாய்க்கால்ல விழுந்த பெறகுதான் வண்டியப் பிரிச்சிருக்கானுக. கொன்ன கியரக் கழட்டிட்டு நல்ல கியரப் போட்டிருக்கானுக.”

பவானி ஆட்டோவின் பக்கம் திரும்பினாள். “ஏட்டையா, இந்த வண்டி எப்ப இங்கன வந்துச்சு?”

“பதினொண்ணாந் தேதிம்மா” என்றார் அவர், போனிலிருந்து தலையைத் தூக்காமல்.

“விபத்து ஒம்பதாந் தேதி காலைல. நடுவுல ரெண்டு நாள் எங்க இருந்துச்சு?”

“வாய்க்கால்ல தண்ணி போகணும்ல? ஓனர் தூக்கிட்டுப் போயித் தோட்டத்துல வச்சிருந்தாரு. அப்புறமா நாங்க கொண்டாந்தோம்.”

“ஒரு ஆளு செத்த வண்டிய, அந்த வண்டியோட ஓனர்கிட்டயே ரெண்டு நாளு பத்திரமாக் குடுத்து வச்சிருக்கீக.”

ஏட்டு அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு, “ஆமாம்மா” என்றார்.

* * *

தங்கப்பாண்டி வெள்ளைச் சட்டையில் எரு வாசனை படாத விவசாயி. திராட்சைப் பந்தலுக்கு வெளியே பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். இவர்களை உட்காரச் சொல்லவில்லை.

“நான் என்னம்மா செய்ய முடியும்? மூணு மாசத்துக்கு முந்திதான் கியர் வேலை பாத்தேன். கம்பத்துலயே பெரிய மெக்கானிக்கு, முத்துராஜா. புது கியர் போட்டுட்டேன்னு ஆறு மாச வாரண்டி கார்டே குடுத்திருக்காரு. வண்டி மேல குத்தமே கிடையாது. எல்லாம் அந்த வேல்பாண்டிப் பயலோட திமிரு.”

“வேலை பாத்த பெறகு வண்டி எப்படி ஓடுச்சு?”

“அதெல்லாம் டிரைவருக்குத்தான் தெரியும்.”

“டிரைவர் ஏதாச்சும் சொன்னானா?”

தங்கப்பாண்டி கைக்கடிகாரத்தைச் சரிசெய்தார். “செகண்ட் கியர்ல சத்தம் வருதுன்னு ஒரு ரெண்டு தடவ சொன்னான். டிரைவருன்னா ஏதாச்சும் சொல்லிக்கிட்டேதான இருப்பானுக.”

“கவுந்த வண்டிய இங்கன கொண்டாந்தப்ப யாரு வந்தாக?”

“முத்துராஜாதான் வந்தாரு. அவராத்தான் போன் போட்டுக் கேட்டு வந்தாரு, பாவம். நல்ல மனுஷன். ‘கேசு கீசுன்னு வரும், வண்டி சரியா இருக்கான்னு நான் ஒரு தடவ பாத்துடறேன்’னாரு. வண்டியத் தூக்குற செயின் கப்பியெல்லாம் கொண்டாந்து ரெண்டு நாளு பம்புசெட்டுல வச்சுப் பாத்தாரு.”

“என்ன பாத்தாருன்னு நீங்க பாக்கலயா?”

“எனக்கு எதுக்கும்மா? நான் தேனியில ஒரு விசேஷத்துக்குப் போயிட்டேன்.”

பவானி அவரை மேலும் கீழும் பார்த்தாள். கொலைகாரனைப் பிடிக்கும் ஆசையோடு வந்தவளுக்குக் கிடைத்தது வெறும் சோம்பேறி. தன் தோட்டத்தில் வேலை செய்தவர் செத்து மறுநாளே விசேஷத்துக்குப் போனவர். பொய் சொல்லக்கூட அவர் மெனக்கெடவில்லை. அவரிடம் அவளுக்கு அதற்கு மேல் கேட்க எதுவும் இருக்கவில்லை.

காருக்குத் திரும்பும்போது சதாம் சொன்னான்: “ஓனரப் பிடிச்சு உள்ள போடலாம்னு ஆசையா வந்தேன்க்கா. இவர உள்ள போட்டா ஜெயிலுக்குத்தான் அவமானம்.”

“அந்தப் பழைய கியர் வேணும் சதாம். அது கையில கிடைக்காம சேத்தையும் பேஸ்ட்டையும் வச்சுக்கிட்டு கோர்ட்டுல நின்னா சிரிப்பாங்க.”

“இந்நேரம் முல்லையாத்துல போட்டிருப்பான்.”

“போய்க் கேப்போம்” என்றாள் பவானி.

* * *

‘கியர் டாக்டர் முத்துராஜா’ என்று பட்டறைக்கு மேலே பெரிய போர்டு இருந்தது. ஓரத்தில் டாக்டர்கள் கழுத்தில் போடும் ஸ்டெதாஸ்கோப் ஒன்றும் வரைந்திருந்தது.

“பல் டாக்டரா, பொது டாக்டரான்னு போடலயே” என்று முணுமுணுத்த சதாம், உள்ளே நுழைந்ததும் தோளைத் தொங்கப்போட்டு டிராக்டர் டிரைவர் ஆனான். பவானி வண்டிக்குச் சொந்தக்காரம்மா ஆனாள். அதற்கு அவள் செய்ய வேண்டியிருந்தது கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எதுவும் புரியாதது போல நிற்பது மட்டும்தான்.

“அண்ணே, நாங்க கெங்குவார்பட்டி. எண்பத்தெட்டு மாடல் வண்டி. ஏத்தத்துல செகண்ட் கியர் கழண்டுக்குதுண்ணே” என்றான் சதாம்.

முத்துராஜாவுக்கு ஐம்பது வயது இருக்கும். நெற்றியில் விபூதி, சட்டைப் பையில் மூன்று பேனா. சதாமை விட்டுவிட்டுப் பவானியிடம், எல்.கே.ஜி. குழந்தைக்குச் சொல்வது போலச் சொல்ல ஆரம்பித்தார்.

“கியருன்னா பல்லு மாதிரிம்மா. நமக்கு வயசானா பல்லு தேயுமில்ல? அது மாதிரி அதுவும் தேயும்.”

“அப்படியா?” என்றாள் பவானி.

“ஆமாம்மா. உங்களுக்கு அதெல்லாம் புரியாது. நீங்க வண்டிய மட்டும் அனுப்புங்க. நான் புதுசாப் போட்டு வாரண்டி கார்டோட அனுப்பிடறேன்.”

“புதுசு உடனே கிடைக்குமா?”

“கம்பெனிக்காரன் இந்த மாடலுக்கு ஸ்பேர் பார்ட்ஸ் நிறுத்திப் பல வருஷமாச்சு. கோயமுத்தூர்ல ஆர்டர் குடுத்துப் புதுசா வெட்டித்தான் வாங்கணும். ஒரு மாசம் ஆகும்.”

“ஒரு மாசமா? பழைய வண்டியில இருந்து நல்ல கியரு ஏதாச்சும்…”

“இந்த மாடலு இந்தப் பக்கத்துல ரெண்டே ரெண்டுதாம்மா. ஒண்ணு கேசுல மாட்டிப் போலீஸ் ஸ்டேஷன்ல நிக்குது. குடிகாரப் பய எவனோ வாய்க்கால்ல விட்டுட்டான்.” முத்துராஜா உச்சுக் கொட்டினார். “இன்னொண்ணு லோயர் கேம்ப்புல மதன்குமாருகிட்ட இருக்கு. அதுக்கும் நான்தான் டாக்டரு. போன மாசம்கூட கிளட்ச் பிளேட் மாத்திக் குடுத்தேன். அவருகிட்டயே கேட்டுப் பாருங்க, என் வேலை எப்படின்னு.”

“போன மாசம் எப்பண்ணே?” என்றான் சதாம் வாயைப் பிளந்துகொண்டு.

“எட்டாந் தேதி கொண்டாந்து விட்டாக. பன்னெண்டாந் தேதி டெலிவரி. சொன்னா சொன்ன தேதி.” சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து மதன்குமாரின் நம்பரையும் எழுதிக் கொடுத்தார். “கேளுங்க. வேலைன்னா எப்படி இருக்கணும்னு அவரு சொல்லுவாரு.”

பவானி அந்தச் சீட்டை வாங்கிக்கொண்டு, “ரொம்ப நன்றி டாக்டர்” என்றாள். முத்துராஜா பூரித்துப் போனார்.

* * *

காரில் ஏறியதும் சதாம் சாவியைத் திருகவில்லை.

“எனக்கு ஒண்ணு இடிக்குதுக்கா. புது கியர் வர ஒரு மாசம் ஆகும்கிறான். தங்கப்பாண்டி வண்டில ரெண்டே நாள்ல நல்ல கியர் ஏறியிருக்கு. அது எங்கிட்டிருந்து வந்துச்சு? வானத்துல இருந்தா?”

“இந்த மாடல்ல எத்தன வண்டி இருக்குன்னான்?”

“ரெண்டு.”

“விபத்து ஒம்பதாந் தேதி. அன்னைக்கு இன்னொரு வண்டி எங்க இருந்துச்சு?”

“இவன் பட்டறையில. கிளட்ச் மாத்த.” சதாமின் குரல் இறங்கியது. “கிளட்ச் மாத்துறதுக்கும் வண்டிய ரெண்டாப் பிரிக்கணும்.”

“எப்படியும் பிரிச்சுப் போட்டிருக்கிற வண்டி. அதுல இருந்து நல்ல கியரக் கழட்டித் தங்கப்பாண்டி வண்டில மாட்டிட்டான். போலீஸ் வந்து பாத்தா எல்லாம் சுத்தம். பழைய கியர முல்லையாத்துல போட்டிருப்பான்னு சொன்னேல்ல? போடல சதாம். அந்த வண்டியப் பன்னெண்டாந் தேதி திருப்பிக் குடுக்க இவனுக்கு ஒரு கியரு வேணும்ல? இவன் எதையும் தூக்கிப் போடுற ஜாதி இல்ல.”

சதாம் இப்போது அவளைப் பார்த்தான். 

“அந்த ஆளக் கொன்ன கியர்… மதன்குமார் வண்டியில ஓடிக்கிட்டிருக்கா?”

பவானி ஏற்கெனவே நம்பரை அழுத்தியிருந்தாள். எடுத்தது ஒரு பெண்.

“மதன்குமார் இருக்காரா?”

“அவுக இல்லீங்க. நான் அவுக வீட்டுக்காரி முத்துலட்சுமி பேசுறேன். போன வீட்டுலயே வச்சுட்டுப் போயிட்டாக.”

“டிராக்டர்லயா போயிருக்காரு?”

“ஆமாங்க. மேக்க மலையடியில தோப்பு இருக்கு. களையெடுக்க வீடு வீடா ஆளுகள ஏத்திக்கிட்டுப் போறாக. இப்பத்தான் கெளம்புனாக.”

“கிளட்ச் மாத்தின பெறகு வண்டி நல்லா இருக்காம்மா?”

“செகண்ட் கியர்ல கொறகொறன்னு சத்தம் வருதுன்னு சொல்லிக்கிட்டே இருந்தாக. புது கிளட்ச்சுன்னா கொஞ்ச நாளைக்கு அப்படித்தான் இருக்கும்னு மெக்கானிக்கு சொல்லிட்டாகளாம். ஏங்க, நீங்க யாரு?”

“தோப்புக்குப் போற வழியில ஏத்தம் இருக்கா?”

“கால்வாய்க் கரை ஏத்தம் ஒண்ணு இருக்கு. ஏங்க? என்னாச்சு?”

சதாம் காரைக் கிளப்பியிருந்தான்.

* * *

கூடலூரைத் தாண்டும்வரை சதாம் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுக்கவில்லை. பவானி லோயர் கேம்ப் போலீசுக்குப் போன் செய்தாள். எடுத்தவர் முதலில் அவள் பெயரைக் கேட்டார், பிறகு அப்பா பெயரைக் கேட்டார். அவள் போனை அணைத்து டேஷ்போர்டில் எறிந்தாள்.

முத்துலட்சுமி சொன்ன அடையாளப்படி, மின்நிலையத்துக்குப் போகும் ரோட்டிலிருந்து பிரிந்த மண் பாதையில் திரும்பியதும் அவர்கள் அதைப் பார்த்துவிட்டார்கள். கால்வாய்க் கரைக்கு ஏறும் செங்குத்தான சரிவு. பாதி ஏற்றத்தில் டிராக்டர் புகை கக்கிக்கொண்டு ஊர்ந்தது. டிரெய்லரில் பெண்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். பிறகு எண்ணிப் பார்த்தபோது பதினான்கு பேர்.

சதாம் ஹாரனில் கை வைத்தான். பவானி அவன் கையைத் தட்டிவிட்டாள்.

“அடிக்காத. அவன் பயந்துபோயி கியர மாத்தினான்னா நாமளே கொன்ன மாதிரி ஆயிரும். எறங்கி ஓடு. கல்ல எடு.”

கரையோரம் கட்டுமானத்துக்குக் குவித்திருந்த கருங்கற்களில் ஆளுக்கொன்றைத் தூக்கிக்கொண்டு இருவரும் மேட்டில் ஓடினார்கள். ஏற்றத்தில் அந்த வண்டி நடை வேகத்தில்தான் போனது. பவானி டிரெய்லருக்குப் பின்னால் போய்க் கத்தினாள்.

“எறங்குங்க! எல்லாரும் எறங்குங்க! கியர் கழண்டுக்கும்!”

பெண்கள் அவளைப் பார்த்தார்கள். நல்ல சேலை கட்டிக்கொண்டு கல்லைச் சுமந்து ஓடி வரும் பெண்ணைப் பார்த்து ஒருத்தி சிரித்தாள். “யாரு பெத்த பிள்ளையோ, பாவம்” என்றாள் இன்னொருத்தி. யாரும் அசையவில்லை.

சதாம் ஒரு மூச்சு இழுத்துக்கொண்டு அலறினான்:

“ஆத்தா! டிரெய்லருக்குள்ள பாம்பு!”

அடுத்த ஐந்து நொடியில் டிரெய்லர் காலியானது. இரண்டு பக்கமும் சாக்கு மூட்டைகள் போலக் குதித்தார்கள். களைக்கொத்துகளும் தூக்குவாளிகளும் சரிவில் உருண்டன. கூச்சலைக் கேட்டு மதன்குமார் சீட்டிலிருந்து திரும்பிப் பார்த்தான். அவன் கை ஸ்டியரிங்கில்தான் இருந்தது.

டக்.

பவானிக்கு அது தெளிவாகக் கேட்டது. கியர் ராடு தானாகத் துள்ளி நடுவுக்கு வந்தது. பிடிமானம் போன எஞ்சின் வெறிபிடித்தது போல உறுமியது. வண்டி ஒரு கணம் நின்றது. பிறகு பின்னால் உருள ஆரம்பித்தது. மதன்குமார் பிரேக்கின் மேல் ஏறி நின்றான். டிரெய்லர் அவனையும் சேர்த்து இழுத்தது.

“போடு!” என்று கத்திக்கொண்டே பவானி தன் கல்லைச் சக்கரத்தின் பின்னால் தள்ளிவிட்டு விலகி விழுந்தாள். சதாம் மறுபக்கம் தன் கல்லைப் போட்டான். சக்கரம் கல்லில் ஏறியது. கல் மண்ணுக்குள் ஒரு சாண் அமுங்கியது. டிரெய்லர் ஒருமுறை கோணிக்கொண்டு முனகியது.

பிறகு நின்றது. அதற்குப் பின்னால் பத்தடியில் கால்வாய் நிரம்பி ஓடிக்கொண்டிருந்தது.

மதன்குமார் கீழே இறங்கினான். அங்கேயே மண்ணில் உட்கார்ந்தான்.

சிரித்த பெண் மூச்சிரைக்கச் சதாமிடம் வந்தாள். “பாம்பு எங்கனடா?”

“கம்பத்துல பட்டறை வச்சு நடத்துது ஆத்தா” என்றான் சதாம்.

* * *

மறுநாள் காலை மதன்குமாரின் வண்டியை எல்லார் முன்னாலும் பிரித்தார்கள். அதே மோட்டார் வாகன ஆய்வாளர்தான் வந்தார். இந்த முறை அவர் சட்டைக் கை முழுக்கக் கிரீஸ். வெளியே வந்த கியரில் ஐந்து பற்கள் நிறம் மாறியிருந்தன. தேய்ந்த பல்லின் மேல் வெல்டிங் வைத்து மேடாக்கி, கிரைண்டரில் உரசிப் பல் மாதிரி செய்திருந்தார்கள். ஒரு பல்லின் விளிம்பில் பழைய அடிபட்ட பள்ளத்தின் மேலேயே இரண்டாவது முறை வெல்டிங் ஏறியிருந்தது.

“பொய்ப்பல்லு” என்றான் சதாம். “அதுவும் ஒரு வாயில இருந்து கழட்டி இன்னொரு வாயில மாட்டினது.”

ஸ்டேஷன் பெஞ்சில் முத்துராஜா உட்கார்ந்திருந்தார். விபூதி கலைந்திருந்தது. பேனா மூன்றும் பையிலேயே இருந்தன. அவர் அழுததைப் பார்த்து இன்ஸ்பெக்டருக்கு மனசு இளகத் தொடங்கியிருந்தது.

“பல் கட்டுறது தப்புன்னு எனக்குத் தெரியாது சார். பழைய வண்டிக்கெல்லாம் அப்படித்தான் செய்றது. நல்லாத்தான் ஓடும்னு நம்பித்தான் போட்டேன். கவுந்துச்சுன்னதும் பயந்துட்டேன். பயத்துல மாத்திட்டேன். மறுபடி வெல்டிங் வச்சா இனிமே கழலாதுன்னு நெனச்சுத்தான் மதன்குமார் வண்டியில போட்டேன்.”

இன்ஸ்பெக்டர் பவானியிடம் திரும்பினார். “பாத்தீங்களாம்மா. வேல்பாண்டி மேல இருக்கற கேச வாபஸ் வாங்க இன்னைக்கே எழுதிடறேன். ஆனா இவரு விஷயம் தெரியாம செஞ்ச தப்பு. கவனக்குறைவுன்னு வேணா போடலாம். தெரிஞ்சே செஞ்சாருன்னு நான் எப்படி எழுதறது?”

பவானி முத்துராஜாவின் எதிரில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“நீங்க இப்படிப் பல் கட்டின வண்டி இன்னும் எத்தன ஓடுது?”

“ஒரு… ஒரு இருபது இருக்கும்.”

“யார் யாருன்னு சொல்லுங்க. நிறுத்தணும். சதாம், எழுது.”

உதவி செய்தால் தப்பித்துக்கொள்ளலாம் என்று முத்துராஜா நினைத்திருக்க வேண்டும். ஆர்வமாகவே சொன்னார். ஞாபகசக்தி பிரமாதமாக இருந்தது. உத்தமபாளையத்தில் நான்கு. சின்னமனூரில் மூன்று. கம்பத்தைச் சுற்றி ஒன்பது. கூடலூரில் ஆறு. சதாம் எழுதி முடித்துக் கூட்டிப் பார்த்தான்.

“இருபத்தி ரெண்டு” என்றான். பிறகு தலையைச் சொறிந்தான். “கூடலூர்ல ஒரு நீல வண்டி நிக்கிறதப் பாத்தேனே நேத்து. மட்கார்டுல ‘கியர் டாக்டர்’ ஸ்டிக்கர் ஒட்டியிருந்துச்சு. அது இந்த லிஸ்ட்டுல இல்லையே?”

“அது வேணாம் தம்பி” என்றார் முத்துராஜா கையை அசைத்து. “அது என் மச்சினன் வண்டி. அதுக்கு நான் பல் கட்டல. கோயமுத்தூர்ல சொல்லி, ஒரு மாசம் காத்திருந்து, புதுசா வெட்டி வாங்கிப் போட்டேன்.”

“அவருக்கு மட்டும் ஏன்?” என்றாள் பவானி. குரலில் எந்த அழுத்தமும் இல்லை.

“என்னம்மா இப்படிக் கேக்குறீக? அதுலதான என் தங்கச்சி பிள்ளைக ஏறிப் போகுதுக?”

 ஆய்வாளர் கிரீஸ் கையோடு சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். தான் என்ன சொன்னோம் என்பது முத்துராஜாவுக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. 

இன்ஸ்பெக்டர் எழுதி வைத்திருந்த தாளைக் கசக்கிக் கீழே போட்டார். புதுத் தாள் ஒன்றை எடுத்தார்.

“இப்ப சொன்னத இன்னொரு தடவ சொல்லு” என்றார். “மெதுவா.”

பவானி எழுந்துகொண்டாள். முத்துராஜாவை அவள் மறுபடி பார்க்கவில்லை. பார்ப்பதற்கு அவரிடம் எதுவும் மிச்சம் இல்லை என்பது போல, காலணியை மாட்டிக்கொண்டு வெளியே போனாள்.

மத்தியானம் முழுக்கக் காரில் உட்கார்ந்து இருவரும் பட்டியலில் இருந்தவர்களுக்குப் போன் செய்தார்கள். ஒருவர் திட்டினார். ஒருவர் நம்பவில்லை. இன்னொருவர் நடவு முடியட்டும், அப்புறம் பார்க்கலாம் என்றார். அவரிடம் ராஜாத்தியையே பேச வைத்தாள் பவானி. ஆஸ்பத்திரியிலிருந்து ராஜாத்தி என்ன சொன்னாளோ, அவர் அப்போதே வண்டியைப் பாதி வயலில் நிறுத்திவிட்டார். சாயங்காலத்துக்குள் இருபத்திரண்டு வண்டிகளும் நின்றன. வேல்பாண்டியை வெளியே விடும் உத்தரவு இரண்டு நாளில் வந்துவிடும் என்று இன்ஸ்பெக்டர் வாசல்வரை வந்து சொன்னார்.

லோயர் கேம்ப்பில் மதன்குமாரைப் பார்த்துவிட்டுத் தேனிக்குத் திரும்பும் வழியில், கூடலூரைத் தாண்டியதும் ஒரு பாலத்து ஏற்றத்தில் சதாம் காரின் வேகத்தைக் குறைத்தான். முன்னால் அந்த நீல டிராக்டர் போய்க்கொண்டிருந்தது. டிரெய்லரில் தேங்காய் மட்டைக் குவியலின் மேல் பள்ளிக்கூட யூனிபார்மில் மூன்று பிள்ளைகள் உட்கார்ந்து, பின்னால் வந்த காரைப் பார்த்துக் கையாட்டினார்கள். வண்டி செகண்ட் கியரில், ஒரு சின்னச் சத்தம்கூட இல்லாமல் ஏறியது.

“என்ன அருமையா ஏறுது பாருங்கக்கா” என்றான் சதாம்.